மூத்த சென்சாரும் இளைய சென்சாரும்

தொட்டியில் தண்ணீர் இருப்பது வேறு, குழாயில் தண்ணீர் வருவது வேறு என்று மதிப்பீட்டு மையத்தில் சித்தையனுக்கு அன்போடு விளக்கினார்கள். உட்கார நாற்காலியும் போட்டார்கள். அதனால் அவருக்குக் கோபம் வரவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி லிங்கம்மா.

"தொட்டி ரொம்பி இருக்குதாமா."

"அப்பறம் குழாயில ஏனுங்க வரலை?"

"அது வேற டிபார்ட்மெண்டாமா."

லிங்கம்மா கூடத்தின் நடுவில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தாள். போன மாதமே கொக்கியில் மாட்டி, புதுச் சேலையும் கட்டி வைத்தது. காற்றுக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மகள் தீபாவுக்குத் தலைப்பிரசவம். பெற்றவர் வீட்டில்தான் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சம்பந்தி லிங்கப்பன் நல்ல மனிதர். கொள்ளேகாலிலிருந்து போன் போட்டு, "ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. பச்ச ஒடம்புக்காரி, கைக்கொழந்த. நாளைக்கு எத்தன கொடம் வெந்நி வேணும்! குழாயில தண்ணி வந்த அன்னிக்கே நானே கார் புடிச்சுக் கொண்டாந்து உட்டர்றேன்" என்றார். நியாயமான பேச்சு. அதில் சண்டை போட என்ன இருக்கிறது? பேத்தி கொள்ளேகாலிலேயே பிறந்தாள். சித்தையனும் லிங்கம்மாவும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பினார்கள்.

சித்தையனுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். மைசூரில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை. வாங்காமல் போகிறவர்களுக்குக்கூட முகம் சுளிக்காமல் மடித்து வைக்கிற கை அவருக்கு. ஊருக்கு வெளியே, சாமுண்டி மலை தெரிகிற ஒரு மேட்டில் சின்ன வீடு. தெரு செங்குத்தாக ஏறும். தண்ணீர் லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். தெருவின் உச்சியில் தூண்களின் மேல் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. மேட்டுத் தெரு முழுவதற்கும் தண்ணீர் அதிலிருந்துதான்.

அந்தத் தொட்டிக்கு ஒரு சென்சார் இருந்தது. மூடிக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உள்ளே பார்க்கும். நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டு உடனே திரும்பினால் தொட்டி நிறைந்திருக்கிறது. தாமதமாகத் திரும்பினால் காலி. காலி என்றால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். அதற்கு முன்பு ஓர் ஆள் ஏணியில் ஏறி, எட்டிப் பார்த்து, கீழே நிற்பவனிடம் கத்துவான். அது விஞ்ஞானம் இல்லை என்று நிறுத்திவிட்டு, சென்சார்களைக் கவனிப்பதற்கென்றே மேட்டுத் தொட்டிகள் மதிப்பீட்டு மையம் என்ற அலுவலகத்தை அமைத்தார்கள். ஏணிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஏறிப் பார்ப்பது சென்சாரின் மேல் நம்பிக்கையின்மையைக் காட்டும் செயல் என்று அறிவிப்புப் பலகையும் வைத்தார்கள்.

பல வருடம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தசரா முடிந்த மறுவாரம் தண்ணீர் நின்றது. சென்சார் மட்டும் தொட்டி நிறைந்திருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. நிறைந்த தொட்டிக்கு யார் மோட்டார் போடுவார்கள்?

மேட்டுத் தெருக்காரர்களுக்குக் கைகொடுத்தது அடிவாரத்தில் இருந்த பத்மாஸினி மாமியின் கிணறு. பெருமாள் கோயிலுக்குப் பெயர்போன மேல்கோட்டை வம்சம். கணவர் ரிடையர் ஆன பிறகு மைசூரில் குடியேறியவர்கள். பக்கத்துப் பெருமாள் சன்னதிக்குத் தினமும் மாலை கட்டிக் கொடுப்பது மாமியின் கைங்கர்யம். முதல் நாள் தயங்கித் தயங்கிக் குடத்தோடு வந்து நின்ற லிங்கம்மாவை அவர் கடிந்துகொண்டார்.

"கேட்டுண்டு நிப்பாளா ஒருத்தி? ஜலம் பெருமாள் கொடுத்தது. கயிறு மட்டும்தான் நாங்க வாங்கினது. எடுத்துக்கோ."

தண்ணீர் கிடைத்தது, மேட்டில் ஏற்றுவதுதான் பாடாக இருந்தது. லிங்கம்மாவுக்கு முட்டிவலி. சித்தையன்தான் கடைக்குப் போகும் முன் இரண்டு குடம், வந்த பின் இரண்டு குடம் என்று சுமந்தார். இரண்டு பேருக்கு அது போதும். ஒரு கைக்குழந்தை வந்துவிட்டால் அது எந்த மூலைக்கு?

ஆகவே மறுபடியும் மையத்துக்குப் போனார். இந்த முறை தெருவே சேர்ந்து போனது. தலைமை மதிப்பீட்டு அதிகாரி ஆழ்வார் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப்பையில் மூன்று பேனா. கெட்டவர் இல்லை. யாரையும் வாசலில் நிறுத்திப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பேச்சுத்தான் நீளம், சென்சாரை 'உணரி' என்றுதான் சொல்வார்.

"நீங்க எல்லாரும் ஒண்ணைப் புரிஞ்சுக்கணும்," என்றார். "இந்த மையம் ஆரம்பிச்ச நாளிலேர்ந்து இங்கே ஒருத்தர்கூடத் தண்ணீரை நேர்ல பார்த்ததில்லை. பார்க்காம சொல்றதுக்குப் பேர்தான் மதிப்பீடு. பார்த்துட்டுச் சொல்றதை யார் வேணா சொல்லிடுவா, அதுக்குப் படிப்பு எதுக்கு? இருந்தாலும் உங்க மனசு சமாதானம் ஆகணும். நம்ம உணரி சொல்றது சத்தியம்னு சாட்சி சொல்ல, இன்னொரு உணரி வாங்கறோம். ஆயித்தா, சரிதானே?"

"ஆயித்துங்க" என்றது தெரு.

இரண்டாவது சென்சார் தை பிறந்ததும் வந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாதஸ்வரம் வைத்து, தொட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறும் குழாயில் அதைப் பொருத்தினார்கள். அன்று அதைப் பற்றி விளக்கியவள் வினிதா என்ற இளம் பொறியாளர். அவளுக்குப் பூர்வீகம் சம்பந்தியின் ஊரான கொள்ளேகால்தான். தமிழ் புரியும், பேசும்போது கன்னடம் முந்திக்கொண்டு வரும்.

"நோடி, பாருங்க அங்கிள், மேல இருக்கிறது கண்ணு மாதிரி. தண்ணி எவ்ளோ கிட்ட இருக்குன்னு பாக்கும். கீழ இருக்கிறது தோள் மாதிரி. தண்ணி எவ்ளோ பாரம்னு பாக்கும். கண்ணு ஏமாறுற எடத்துல தோள் ஏமாறாது. தோள் ஏமாறுற எடத்துல கண்ணு ஏமாறாது. அதனால ரெண்டையும் சேத்துக் கேட்டா நிஜத்துக்குக் கிட்ட வரலாம்."

"ரெண்டும் வேற வேற சொன்னா என்னம்மா பண்றது?"

"ஏறிப் பாக்கணும். அஷ்டே, அவ்ளோதான்."

பக்கத்தில் நின்ற ஆழ்வார் தொண்டையைச் செருமினார். வினிதா, சென்சார்களின் எண்களைக் கீழே காட்டும் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

பெட்டியின் விளக்கு எரிந்தது. நாதஸ்வரத்தோடு கெட்டிமேளம் கொட்டியது. மேல் சென்சார் தொட்டி நிறைந்திருக்கிறது என்றது. கீழ் சென்சார் தொட்டியில் ஒன்றுமே இல்லை என்றது.

கெட்டிமேளம் நின்றது.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. முழுத் தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் சராசரி அரைத் தொட்டி என்று கணக்கிட்டு, தொட்டியில் பாதி தண்ணீர் இருப்பதாகப் பலகையில் எழுதினார்கள். பாதிக்குக் கீழே போனால்தான் மோட்டார் போடலாம் என்பது விதி. சரியாகப் பாதியில் நின்றதால் மோட்டாருக்கு வேலை இருக்கவில்லை. தெருவுக்கும் பாதி சலுகை காட்டினார்கள். இதுவரை நாள் முழுக்க வராத தண்ணீர் இனிமேல் காலையில் மட்டும் வராது, மாலையில் எப்போதும்போல் எதிர்பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். மாலைகளில் குழாயைத் திறந்து வைத்துக் கொஞ்ச நாள் எதிர்பார்த்துவிட்டு, தெரு மறுபடியும் குடத்தோடு அடிவாரத்துக்கு இறங்கியது.

சராசரியில் ஆழ்வாருக்கும் திருப்தி இல்லை. சாட்சி சொல்ல வந்தது பிறழ் சாட்சியாகிவிட்டதே என்ற வருத்தம் அவரை அரித்தது. மேல் சென்சார் பல வருட சர்வீஸ். கீழ் சென்சார் நேற்று வந்தது. மூத்தவரை எதிர்த்து இளையவர் பேசினால் அலுவலகம் என்ன ஆகும்? கீழ் சென்சாரிடம் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் தயாரானது. பிசின் தடவி அதன் தலையிலேயே ஒட்டினார்கள். குறித்த நாளுக்குள் சென்சார் பதில் தரவில்லை. எனவே விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு வரச் சொல்லிச் சித்தையனுக்கும் ஆள் வந்தது.

"நான் என்னங்க பண்ணேன்?" என்று கேட்டார்.

"அங்க வந்து கேளுங்க" என்றான் வந்தவன்.

மையத்தின் பெரிய கூடத்தில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சித்திரை வெயில். கேட்டுப் பார்த்ததில், தண்ணீரை மதிப்பிடும் அந்தக் கட்டடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வினிதா யாரும் பார்க்காத நேரத்தில் தன் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். "முழுசாக் குடிங்க அங்கிள். எனக்கு வேணாம்" என்றாள். அவளுக்கும் வேண்டும் என்பது அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. சித்தையன் பாதி குடித்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட பெரிய புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. போன ஆயுத பூஜையில் எடுத்தது. தொட்டியின் மூடி திறந்திருக்க, மேல் சென்சாருக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் பருத்த சாமந்தி மாலை. சரிகை சுற்றிய பெரிய குஞ்சம் கீழே தொங்கியது. ஆழ்வார் கைகூப்பி நிற்கிறார். நல்ல மாலை என்று சித்தையன் மனதுக்குள் மெச்சினார். பட்டும் சரிகையும் பார்த்துப் பழகிய கண்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையின் ஒரு பக்கம் ஆழ்வாரும் இரண்டு அதிகாரிகளும். மறுபக்கம் ஒரு தட்டில், குழாயிலிருந்து கழற்றி எடுத்த கீழ் சென்சார். அதன் பக்கத்து நாற்காலி சித்தையனுக்கு.

"உங்காத்துக் குழாய் தண்ணீர் இல்லேன்னு சொல்லித்து. இந்த உணரியும் தண்ணீர் இல்லேன்னு சொல்லித்து. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுண்டேளா?" என்று கேட்டார் ஆழ்வார்.

"சென்சார்கூடங்களா சார்?"

"கேட்டதுக்குப் பதில்."

"இல்லீங்க சார். அதுகூட இப்பத்தானுங்க மொதல்ல ஒண்ணா ஒக்காந்துருக்கேன்."

"பேசிக்காம எப்படி ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல முடியும்?"

சித்தையன் யோசித்தார். "தண்ணி இல்லாததுனாலயோ என்னமோங்க" என்றார் தயக்கத்தோடு.

"காரணம் தெரியவில்லை என்கிறார்" என்று எழுதச் சொன்னார் ஆழ்வார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, பரிவோடு பேசினார். "பாருங்கோ, உங்க மேலே எனக்கு ஒரு விரோதமும் இல்லை. நான் தண்ணீரைப் பத்தியா கேக்கறேன்? தண்ணீர் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். ஒரே தொட்டிக்கு ரெண்டு அபிப்ராயம் இருக்கலாமா? பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல என்ன நினைப்பா? அதுதான் என் கவலை."

"எம்பேத்திக்குக் குளிக்கத் தண்ணி வேணுங்க சார். அதுதானுங்க என்ற கவல."

அது விசாரணைக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று மற்ற இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தீர்ப்பு இரக்கமானது. இளைய சென்சாரை வேலையிலிருந்து எடுக்க வேண்டாம், இளம் வயதுத் தவறு. மறுபடியும் குழாயில் மாட்டி, கீழே பெட்டியிலேயே மூத்த சென்சாரிடமிருந்து ஒரு ஒயர் இழுத்து இதில் இணைத்துவிடலாம். மூத்தது சொல்வதையே இதுவும் திருப்பிச் சொல்லிப் பழகட்டும் என்று முடிவாயிற்று. சித்தையனை எச்சரித்து அனுப்பினார்கள். ஒயரை இணைக்கும் வேலை வினிதாவின் தலையில் விழுந்தது. "சார், அப்ப ரெண்டு சென்சார் எதுக்கு?" என்று அவள் கேட்டாள். ஒற்றுமைக்கு என்று பதில் கிடைத்தது.

அந்த நிமிடத்திலிருந்து இரண்டும் ஒன்றாக, ஒரு புள்ளிகூடப் பிசகாமல், தொட்டி நிறைந்திருக்கிறது என்றன. மாநிலத்திலேயே வேறெந்தத் தொட்டியிலும் இப்படி ஓர் இணக்கம் கண்டதில்லை என்று பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டைத் தொடர்ந்து இயக்குநரே வந்தார். தொட்டிக்குக் கீழே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். தண்ணீருக்குக் காத்திருந்த தெருவைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொதுமக்கள் கலந்துகொண்டார்கள் என்று காட்ட வேண்டுமே.

ஆழ்வார் மைக்கைப் பிடித்தார். "இரண்டு உணரிகளுக்கு நடுவிலே வேறுபாடு இருந்த வரையில், தொட்டியிலே தண்ணீர் இருக்கா இல்லையா என்ற கவலை எங்களுக்கு ராத்திரி பகலா இருந்தது. இன்றைக்கு வேறுபாடு இல்லை. ஆகவே கவலையும் இல்லை. இனிமேல் தொட்டியே இல்லாவிட்டாலும் எங்கள் மதிப்பீடு பிசகாது என்று இயக்குநர் அவர்களுக்கு உறுதி கூறுகிறேன்."

பலத்த கைதட்டல். ரிப்பன் கட்டிய குழாயை இயக்குநர் திறந்தார். குழாய் பெருமூச்சு விட்டது. அதற்குள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

இயக்குநர் ஆழ்வாரைப் பார்த்தார்.

"தண்ணீர் இருக்கு சார்," என்றார் ஆழ்வார். "வரலை, அவ்வளவுதான்."

இயக்குநர் புரிந்துகொண்டு தலையசைத்தார். குழாயை மூடிவிட்டு, எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள்.

சித்தையன் மைசூர்பாகைத் தின்னாமல் காகிதத்தில் மடித்துக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தார். மாமி வீட்டுக் கிணற்றடியில் லிங்கம்மா குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ செய்தி என்று தெரிந்தது.

"சம்பந்தி கூப்புட்டாருங்க. தீபா அழுவறாளாமா, அம்மா ஊட்டுக்குப் போவோணும்னு. அவரும் பாவம் என்ன பண்ணுவாரு. 'இன்னும் ஒரு வாரம் பாக்கலாமுங்க, இல்லாட்டி இங்கயே இருந்துக்கட்டும், தொட்டிலக் கழட்டி வெச்சுருங்க'ன்னாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாமி நாரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றினால் தேவலை என்று நினைத்தவர்போல, "சித்தையன், அந்த மகராசன் விசாரணைன்னு கூப்பிட்டாரே, உள்ளே என்னதான் வெச்சிண்டிருக்கா?" என்று கேட்டார்.

சித்தையனும் மனைவியைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். சென்சாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்ததைச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த புகைப்படத்தையும் சொன்னார். "எம்மாம் பெரிய மாலைங்கம்மா! ஒரு மொழத்துக்குக் குஞ்சம். நம்ம தேர்ச் சாமிக்குக்கூட அப்படிப் போட்டுப் பாத்ததில்லைங்க. சென்சாருக்குப் போட்டுருக்காங்க."

மாமியின் கை நின்றது.

"ஆயுத பூஜைக்குச் சாத்தினதா?"

"ஆமாங்க."

"களைஞ்சாளா?"

"என்னங்கம்மா?"

"மறுநாள் காலம்பற நிர்மால்யத்தை எடுத்தாளான்னு கேட்டேன். சாத்தின மாலையை வாட விடலாமோ? பெருமாளே ஆனாலும் மறுநாள் பழைய மாலையை எடுத்துட்டுத்தான் வேற காரியம்."

ஏணிக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறார்களே என்றார் சித்தையன். பூஜைக்காக அன்று ஒருநாள்தான் முதல்முறையாகத் திறந்தது; மறுநாள் காலையிலேயே பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் ஏறவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"சிவ சிவான்னு நீங்க சொல்லுவேள், நாராயணான்னு நான் சொல்றேன்," என்று மாமி நெஞ்சில் கை வைத்தார். "தசராலேர்ந்து அந்த மாலை அங்கேயே கிடக்கா? பாவம், தெரியாம பண்ணியிருப்பா. தெருவே கஷ்டப்படறதுக்கு அதுவும் ஒரு காரணமோ என்னமோ. நீர் போய் நான் சொன்னேன்னு சொல்லும். தண்ணீர் கேக்க வேண்டாம். மாலையை மட்டும் எடுத்துடச் சொல்லும்."

மறுநாள் சித்தையன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மையத்துக்குப் போனார்.

"தண்ணீர்ப் புகாரா? அந்த வரிசை" என்று வாசலில் இருந்தவன் தலையைத் தூக்காமல் கை காட்டினான். வரிசை மரத்தடி வரைக்கும் போயிற்று.

"தண்ணி இல்லீங்க. மால."

அவன் தலையைத் தூக்கினான். விஷயத்தைக் கேட்டான். எழுந்து ஓடினான். அடுத்த நொடி சித்தையன் ஆழ்வாரின் அறைக்குள் இருந்தார்.

ஆழ்வார் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டார். "நிர்மால்யமா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி..." விரல் விட்டு எண்ணியவர் பங்குனிக்கு மேல் எண்ணப் பயந்து நிறுத்தினார். "மேல்கோட்டை மாமியா சொன்னா? அபச்சாரம்! எப்பேர்ப்பட்ட அபச்சாரம்!"

தெரு மாதக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத ஏணிச் சாவி, ஆழ்வாரின் மேஜை இழுப்பிலேயே, சாளக்கிராமப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஏணியில் ஏறுவது சென்சாரின் மேல் நம்பிக்கையின்மை ஆகாதா என்று ஓர் உதவியாளர் விதியை நினைவுபடுத்தினார். "இது பார்க்கறதுக்கு இல்லைய்யா, கைங்கர்யம்" என்று அவரை அடக்கினார் ஆழ்வார். இரண்டு ஜீப்புகள் கிளம்பின. சித்தையனுக்கு முன் சீட்டு கிடைத்தது.

உடம்பு லேசானவள் என்பதால் வினிதாவை ஏறச் சொன்னார்கள். அவள் முதல் படியில் கால் வைத்ததும் ஆழ்வார் கீழிருந்து எச்சரித்தார்.

"மாலையை மட்டும் எடுங்கோ. உள்ளே எட்டிப் பார்க்கப்படாது. தண்ணீரைப் பார்க்கறதுக்கு நான் அனுமதி கொடுக்கலை!"

வினிதா உச்சிக்குப் போய் மூடியைத் தூக்கினாள். குனிந்தாள். பிறகு கயிறுபோல் காய்ந்து கறுத்துப்போன ஒரு மாலை வெளியே வந்தது. சரிகைக் குஞ்சம் மட்டும் இன்னும் வெயிலில் மின்னியது.

மாலை வெளியே வந்த அந்த நொடியில், மாதக்கணக்காகத் தூங்கிய மோட்டார் விழித்துக்கொண்டு உறுமியது. கீழே பெட்டியில் இரண்டு எண்களும் ஒன்றாக இறங்கின. மூத்தது காலி என்றது. ஒயர் வழியாக இளையதும் காலி என்றது.

"ரெண்டும் ஒண்ணாச் சொல்றது!" என்று ஆழ்வார் கைகூப்பினார். "அப்போ உண்மைதான். தொட்டி காலியாத்தான் இருக்கணும். ஒயர் போட்டதோட பலனைப் பார்த்தேளா? ஒற்றுமைன்னா இதுதான்."

உதவியாளர்கள் கைதட்டினார்கள். அங்கேயே நின்று பத்திரிகைக்குச் செய்தி சொன்னார்கள்.

வினிதா இறங்கி வந்து, மாலையைச் சித்தையனின் கையில் கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கிள், இந்தக் குஞ்சம் சென்சார் முகத்துக்கு நேரா தொங்கிட்டு இருந்துச்சு. அது அனுப்புற சத்தம் பூவுல பட்டு ஒடனே திரும்பிடும். பாவம், இத்தன மாசமாப் பூவைத் தண்ணின்னு நெனச்சிட்டு இருந்திருக்கு. கீழ இருக்கிற குட்டி நிஜம் சொல்லுச்சு. நாம அதுக்கு நோட்டீஸ் ஒட்டினோம்."

சித்தையனுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும், தூரத்தில் நிருபரோடு பேசிக்கொண்டிருந்த ஆழ்வாரைப் பார்த்தார்.

"ஐயாகிட்ட சொல்லலீங்களா?"

"சொன்னேன். இன்னிக்கு நல்ல நாள், அப்பறம் பேசலாம்னாரு." அவள் சிரித்தாள். பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்துக் காட்டினாள். "இறங்கினதும் பெட்டியிலேர்ந்து இதைக் கழட்டிட்டேன். இனி அதது அதது பாட்டுக்குச் சொல்லட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் ஏனம்மா சொல்றேன். நீ கொடுத்த தண்ணியக் குடிச்சவனாச்சே."

சாயங்காலம் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிந்த தண்ணீர். லிங்கம்மா குடத்தை வைக்கக்கூட மறந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சித்தையன் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, கேக்குதுங்களா? சத்தம் கேக்குதுங்களா?" என்று கத்தினார். லிங்கப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விடிந்ததும் கார் பிடித்தார்.

மாமி கொடுத்த வெட்டிவேரைப் போட்டு வெந்நீர் காய்ச்சினார்கள். லிங்கம்மா வலிக்கிற முட்டியை மறந்து மணையில் உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்தி, செம்பு செம்பாக ஊற்றினாள். குழந்தை வீடே அதிர அழுதது. தீபா வாசலில் நின்றபடி, "அம்மா, சூடு பாத்து, சூடு பாத்து" என்றாள். காய்ந்த மாலையை மாமி தன் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியின் வேரில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மையம் பெரிய ஏற்பாடு செய்தது. ஒற்றுமையாக உழைத்த இரண்டு சென்சார்களுக்கும் போன வருடத்தைவிடப் பருத்த மாலைகள் என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை, கதவு திறப்பதற்கு முன்பே, சித்தையன் பித்தளைத் தட்டில் வாழையிலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ன விசேஷம்?" என்றார் ஆழ்வார்.

"நேத்துச் சாத்தின மாலையப் பிரசாதமா வாங்கிக்கலாம்னு வந்தேனுங்க. வருஷா வருஷம் வந்து வாங்கிக்கிறதா வேண்டுதல்."

ஆழ்வாரின் கண் கலங்கியது. உதவியாளர்களைக் கூப்பிட்டு, சித்தையனின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எல்லாரும் பார்த்துக்கோங்கோ. ஒரு காலத்திலே உணரியோட சேர்ந்துண்டு தண்ணீர் இல்லேன்னு சாட்சி சொன்னவர். எப்படித் திருந்திட்டார் பாருங்கோ!"

"ஆமாங்க சார்" என்றார் சித்தையன், தட்டை நீட்டியபடி.

சாவி வந்தது. வினிதா ஏணியில் ஏறினாள். மாலைகளை எடுத்ததும் பெட்டியில் இரண்டு எண்கள் மின்னின. மேலே இருந்தது ஓர் எண்ணைச் சொன்னது. கீழே இருந்தது ஏறக்குறைய அதையே சொன்னது. இந்த முறை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.